எண்ணெயும் தண்ணீரும் ஒட்டும் விந்தை
துகள்கள் காக்கும் பால்மங்களும் அவற்றை ஆராயும் கேளா ஒலியும்

ஒட்டாத உறவுக்கு எண்ணெயையும் தண்ணீரையும் உவமையாகக் கூறுவது நம் நாட்டு வழக்கம். ஆயினும், காலையில் நம் வாசலுக்கு வரும் பாலில் கொழுப்பும் நீரும் பிணக்கின்றிக் கூடி வாழ்கின்றன. வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலில் கலக்கிப் பயிருக்குத் தெளிக்கும் விவசாயியும், பாவுக்கு இடும் கஞ்சியில் சிறிது எண்ணெய் சேர்க்கும் நெசவாளரும் இவ்விரு பகைவரையும் ஒரே பாத்திரத்தில் ஒன்றுசேர்க்கும் வித்தையையே அன்றாடம் செய்து வருகின்றனர். இவ்வாறு ஒரு திரவம் மிக நுண்ணிய துளிகளாகச் சிதறி, தன்னோடு கலவாத மற்றொரு திரவத்தில் பரவி நிற்கும் நிலைக்குப் பால்மம் என்று பெயர். பால் போன்று தோன்றுவதால் ஏற்பட்ட பெயர் இது.

சில பால்மங்கள் அரைமணி நேரத்தில் பிரிந்துவிடுகின்றன. சில ஆண்டுக்கணக்கில் பிரியாமல் நிற்கின்றன. பிரியக்கூடாதது பிரிந்தால் தெளித்த மருந்து வீணாகிறது. பிரிய வேண்டியது பிரியாமல் நின்றால் என்ன நேரும் என்பதை எண்ணூர், திருவொற்றியூர் மக்கள் தம் கைகளாலேயே அறிந்திருக்கிறார்கள். ஆகவே, பால்மம் நிலைத்து நிற்பதற்குக் காரணம் யாது, கண்ணுக்குப் புலப்படாத அதன் உட்புறத்தை எவ்வாறு அறிவது என்னும் இரண்டு கேள்விகளும் நம் சங்க அங்கத்தினர்களின் வருவாயோடு நேரடித் தொடர்புடையவை.

எண்ணூரில் கண்டது

2017ஆம் ஆண்டு ஜனவரி 28ஆம் நாள் விடியற்காலையில், எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு அருகே 'பி.டபிள்யூ. மேப்பிள்', 'டான் காஞ்சிபுரம்' என்னும் இரு கப்பல்கள் மோதிக்கொண்டன. அதனால் கடலில் கொட்டிய கனத்த எரிஎண்ணெய் தெற்கு நோக்கிப் பரவி எர்ணாவூர், திருவொற்றியூர்க் கரைகளில் ஒதுங்கியது. மெரினாவுக்கும் அதற்கு அப்பாலும் அதன் கறை சென்றது. கரையில் வந்து சேர்ந்தது கப்பலிலிருந்து வழிந்த எண்ணெயாக இல்லை. கருங்களி போன்ற தடித்த சேறாக இருந்தது. உறிஞ்சும் இயந்திரங்கள் கொண்டுவரப்பட்டன. ஆனால், அச்சேற்றின் தடிப்பின் முன் அவற்றால் அதிகம் சாதிக்க இயலவில்லை. மீனவரும், மாணவரும், தொண்டர்களும், கடலோரக் காவற்படையினரும் வாளிகளைக் கொண்டு அதனை அள்ளி அகற்ற வேண்டியதாயிற்று. பலருக்குக் கையுறை கூட வாய்க்கவில்லை.

எண்ணெய் சேறானது எங்ஙனம்? அலைகளின் அலைப்பினால் கடல்நீர் நுண்துளிகளாக எண்ணெய்க்குள் புகுந்துவிட்டது. கனத்த எண்ணெய் இவ்வாறு தன் எடையைக் காட்டிலும் அதிகமான நீரை உட்கொள்ள வல்லது. கலவையில் நூற்றுக்கு எழுபது பங்குக்கு மேலும் நீராக இருப்பதுண்டு. அப்பொழுது அகற்ற வேண்டிய அளவு மூன்று, நான்கு மடங்காகப் பெருகுகிறது. குழகுழப்பு நூற்றுக்கணக்கான மடங்கு ஏறுகிறது. 1967ஆம் ஆண்டில் இங்கிலாந்துக் கரையருகே 'டோரி கேன்யன்' என்னும் கப்பல் உடைந்தபோது, இத்தகைய பழுப்புநிறக் களியை ஐரோப்பியர் ஓர் இனிப்புப் பண்டத்தின் பெயரால் வழங்கினர். இனிப்புக்கும் அதற்கும் உள்ள தொடர்பு நிறம் ஒன்றே.

2023 டிசம்பரில் 'மிக்ஜாம்' புயலின் பெருவெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியே எண்ணூர்க் கழிமுகத்தை அடைந்தது. படகுகளிலும், வலைகளிலும், அலையாத்தி மரங்களின் வேர்களிலும் அது படிந்தது. மீண்டும் வாளிகளே முன்னின்றன. மீன்பிடிக் கூட்டுறவுச் சங்கத்து அங்கத்தினர் ஒருவருக்கு வலை என்பது நம் நெசவாளருக்குத் தறி போன்றது. எண்ணெய்க்களி ஏறிய வலையை நீரில் அலசிப் பயனில்லை.

சோப்பின் காவலும் துகளின் காவலும்

எண்ணெயும் நீரும் சந்திக்கும் எல்லையில் ஓர் இழுவிசை உண்டு. அவ்வெல்லையின் பரப்பைக் குறைத்துக்கொள்ள இயற்கை எப்பொழுதும் முயல்கிறது. பத்துச் சிறு துளிகளின் மொத்தப் பரப்பைவிட, அவை கூடி ஆன ஒரு பெருந்துளியின் பரப்பு குறைவு. ஆகவே, துளிகள் ஒன்றையொன்று கண்டவுடன் கூடிவிட விழைகின்றன. அவற்றைக் கூடவிடாமல் தடுக்க ஒரு காவலன் வேண்டும்.

சோப்பு அத்தகைய காவலன். அதன் அணுத்திரள் ஒவ்வொன்றும் நீரை விரும்பும் தலையும், எண்ணெயை விரும்பும் வாலும் உடையது. எல்லையில் நின்று இரு புறத்தாரையும் சமாதானம் செய்கிறது. ஆயினும், சோப்பின் காவல் உறுதியானதன்று. அதன் அணுத்திரள்கள் எல்லைக்கு வருவதும் நீங்குவதுமாக ஓயாது இயங்கிக்கொண்டிருக்கின்றன. நீரில் சுண்ணச்சத்தும் மக்னீசியமும் மிகுந்திருந்தால் சோப்பு திரிந்து கசடாகிவிடும். மீஞ்சூர்ப் பகுதியில் நிலத்தடி நீருக்குள் கடல்நீர் ஊடுருவி நெடுநாள் ஆயிற்று. அவ்வட்டாரக் கிணற்று நீரில் சோப்பு நுரைக்க மறுப்பதைக் குடும்பப் பெண்கள் நன்கறிவர். அதே நீரில் சோப்பை நம்பிக் கலக்கிய மருந்தெண்ணெய் மேலே மிதந்து பிரிவதற்கும் காரணம் அதுவே.

இரண்டாவது வகைக் காவலன் திடப்பொருளின் நுண்துகள். களிமண், சுண்ணம், மணல் வகையைச் சேர்ந்த சிலிக்கா, கரித்தூள், மாவுப்பொருள் ஆகிய எதுவாயினும் தக்க அளவுக்கு நுண்ணியதாக இருந்து, எண்ணெயாலும் நீராலும் ஓரளவு ஓரளவு நனையுமானால், அது எல்லையில் சென்று அமர்ந்துகொள்ளும். துளியைச் சுற்றிலும் இத்துகள்கள் நெருங்கி அமர்ந்து, கோட்டைச் சுவரில் செங்கல் அடுக்கியது போல் ஒரு கவசத்தை ஆக்குகின்றன. இரண்டு துளிகள் மோதினாலும் கவசங்கள் உரசுமேயன்றி உள்ளிருக்கும் திரவங்கள் சந்திப்பதில்லை.

இக்கவசத்தின் உறுதியைக் கணக்கிட்டுக் காணலாம். எல்லையின் இழுவிசை மீட்டருக்கு 50 மில்லி நியூட்டன் எனவும், துகள் இரு திரவங்களாலும் சமமாக நனைகிறது எனவும் கொள்வோம். பத்து நானோமீட்டர் ஆரமுள்ள துகளை எல்லையிலிருந்து பிடுங்க, அறை வெப்பத்தில் அணுக்களின் இயல்பான அசைவுக்குரிய ஆற்றலைப் போல் சுமார் 3,800 மடங்கு ஆற்றல் தேவை. துகளின் விட்டம் ஒரு மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்றால், தேவைப்படும் ஆற்றல் ஏறத்தாழ 95 லட்சம் மடங்கு. ஒருமுறை அமர்ந்த துகள் தானாக எழுந்து போவது இல்லை என்றே சொல்லலாம்.

எந்தத் திரவம் துளியாகும், எது அதனைச் சூழ்ந்து நிற்கும் என்பதைத் துகளின் நனையும் குணமே தீர்மானிக்கிறது. நீரால் அதிகம் நனையும் துகள் எண்ணெயைத் துளியாக்கி நீரில் மிதக்கவைக்கும். எண்ணெயால் அதிகம் நனையும் துகள் நீரைத் துளியாக்கி எண்ணெய்க்குள் சிறைவைக்கும். கனத்த எரிஎண்ணெயில் இயல்பாகவே உள்ள தார்ப்பொருள்களும் மெழுகும் இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. அவை நீர்த்துளியைச் சுற்றி உறுதியான தோலை ஆக்குகின்றன. கடலிலும் கரையிலும் உள்ள நுண்மண் சேர்ந்தால் அத்தோல் மேலும் தடிக்கும். கடலில் உண்டாகும் எண்ணெய்ச் சேற்றின் இரகசியம் இதுவே.

ஆனால், துகள் எப்பொழுதும் தீங்கே செய்யும் என்று எண்ணிவிடலாகாது. 1989ஆம் ஆண்டில் அலாஸ்காவில் 'எக்ஸான் வால்டெஸ்' கப்பலின் எண்ணெய் கரைகளைப் பாழாக்கியபின், அங்குள்ள மென்களிமண் எண்ணெயைச் சிறுசிறு துளிகளாகப் போர்த்தி, அவை பாறையில் மீண்டும் ஒட்டாதபடி கடலுக்குள் செல்ல வழிசெய்ததை விஞ்ஞானிகள் கண்டனர். நீரை விரும்பும் துகள் துணைவனாகவும், எண்ணெயை விரும்பும் துகள் பகைவனாகவும் ஆயிற்று. இரண்டில் எது நிகழ்கிறது என்று அறியவேண்டுமானால் கலவையின் உள்ளே பார்த்தாக வேண்டும்.

பழத்தோட்டத்தில் தெளிந்த உண்மை

இந்த அறிவு விவசாயத்தோடு சேர்ந்து வளர்ந்தது என்பதைக் கேட்க நம் விவசாய அங்கத்தினர்கள் மகிழ்வார்கள். 1903ஆம் ஆண்டில் வால்டர் ராம்ஸ்டன் என்னும் ஆங்கிலேய விஞ்ஞானி, திடப்பொருள்கள் எல்லையில் திரண்டு துளிகளைக் காப்பதை எடுத்துரைத்தார். 1907இல் ஸ்பென்சர் பிக்கரிங் என்பவர் அதனை விரிவாக ஆராய்ந்து வெளியிட்டார். இன்றும் இவ்வகைப் பால்மங்கள் அவர் பெயராலேயே வழங்குகின்றன.

பிக்கரிங் இங்கிலாந்தில் வோபர்ன் என்னும் இடத்தில் அமைந்த பழத்தோட்ட ஆராய்ச்சிப் பண்ணையை நடத்தியவர். பழமரங்களில் தெளிப்பதற்கு மண்ணெண்ணெய் வகை எண்ணெயை நீரில் கலக்க அவர் முயன்றார். மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்து உண்டாகும் நுண்ணிய செம்பு வீழ்படிவு, சோப்பின்றியே எண்ணெய்த்துளிகளைக் காப்பதைக் கண்டார். அக்கலவை நாம் நன்கறிந்த போர்டோ கலவையே. பிரான்ஸ் நாட்டில் மில்லார்டே என்பவர் திராட்சைக் கொடியின் நோய்க்காக 1885ஆம் ஆண்டில் உலகறியச் செய்த அம்மருந்தை நம் தோட்டக்காரர்களும் ஒரு சதவிகித அளவில் இன்றுவரை கையாள்கின்றனர். மயில்துத்தம் ஒரு கிலோ, சுண்ணாம்பு ஒரு கிலோ, தண்ணீர் நூறு லிட்டர் என்பது கணக்கு. இரும்புப் பாத்திரத்தில் கலக்கலாகாது என்பதும், கலக்கிய அன்றே தெளிக்க வேண்டும் என்பதும் யாவரும் அறிந்தவை. அந்த நீலநிறக் கலவையில் மிதக்கும் துகள்கள் பூசணத்தைக் கொல்வதோடு எண்ணெய்த் துளிக்குக் கவசமாகவும் ஆகக்கூடியவை என்பது பலர் அறியாதது.

ஒலியால் உள்ளே பார்த்தல்

பால்மத்தை ஆராய்வதில் உள்ள பெருந்தடை அதன் வெண்மையே. ஒளி உள்ளே புகுந்தவுடன் துளிதோறும் சிதறி, எதிர்ப்புறம் வெளிவர இயலாமற் போகிறது. எண்ணூர்ச் சேற்றைப் போன்ற கருங்கலவையிலோ ஒளி புகவே வழியில்லை. நூறு மடங்கு நீர் சேர்த்து இளக்கிப் பார்க்கலாம். ஆனால், இளக்கியதும் திரண்டிருந்த துளிகள் பிரிந்துவிடும். கூட்டத்தின் இயல்பை அறிய விரும்புபவர் கூட்டத்தைக் கலைத்துவிட்டுத் தனி ஒருவரை விசாரிப்பதற்கு ஒப்பாகும் அது.

ஒலிக்கு இத்தடை இல்லை. காசிமேட்டுத் துறைமுகத்து விசைப்படகுகளில் உள்ள எதிரொலிக் கருவி, கலங்கிய கடலிலும் அடித்தரையையும் மீன்கூட்டத்தையும் காட்டுகிறது. இராயபுரத்து ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனைக்குச் செல்லும் தாய்மார், வயிற்றினுள் இருக்கும் குழந்தையைத் திரையில் காண்பதும் ஒலியின் உதவியாலேயே. மனிதச் செவி விநாடிக்கு இருபதாயிரம் அதிர்வு வரையில் கேட்க வல்லது. அதற்கு மேற்பட்டது கேளா ஒலி எனப்படும். பால்மங்களை ஆராய விநாடிக்குப் பத்து லட்சம் முதல் பத்துக்கோடி வரை அதிர்வுள்ள ஒலியைப் பயன்படுத்துகின்றனர்.

இத்துறையில் நம் நாட்டாருக்கும் பெருமைக்குரிய பங்கு உண்டு. கேளா ஒலி செல்லும் திரவத்தின் ஊடே ஒளியைச் செலுத்தினால் ஒளி பல கதிர்களாகப் பிரிவதை 1932இல் அமெரிக்காவிலும் பிரான்சிலும் கண்டனர். அதற்குரிய கணித விளக்கத்தைப் பெங்களூரில் இருந்தபடி 1935ஆம் ஆண்டு முதல் வெளியிட்டவர்கள் சர் சி.வி. இராமனும் அவருடைய மாணவர் நாகேந்திரநாத்தும் ஆவர். இராமன் நம் சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்றவர் என்பது யாவருக்கும் நினைவிருக்கும்.

ஆராயும் ஒலியும், கலக்கும் ஒலியும் வேறு வேறு என்பதை இங்கே கூறிவிட வேண்டும். 1927ஆம் ஆண்டில் வுட், லூமிஸ் என்னும் இருவர் வலிமைமிக்க கேளா ஒலியைச் செலுத்தி எண்ணெயையும் நீரையும் பால்மமாக்கிக் காட்டினர். அவ்வொலி திரவத்தைப் பிளக்கும் உளி போன்றது. ஆராய்ச்சிக்கு வேண்டிய ஒலியோ மிக மெல்லியது. நாடி பிடித்துப் பார்க்கும் வைத்தியரின் விரல் போன்று எதையும் கலைக்காமல் அறிந்து வருவது.

ஒலி கொண்டுவரும் செய்திகள்

ஒலி இரண்டு செய்திகளைக் கொண்டுவருகிறது. ஒன்று அதன் வேகம். மற்றொன்று அதன் தேய்வு.

முதலில் வேகம். இருபது பாகை வெப்பத்தில் நீரில் ஒலி விநாடிக்குச் சுமார் 1,482 மீட்டர் செல்கிறது. தாவர எண்ணெயில் ஏறத்தாழ 1,470 மீட்டர். வித்தியாசம் மிகச் சிறிது. ஆனால், வெப்பம் ஏற ஏற நீரில் ஒலியின் வேகம் கூடுகிறது, எண்ணெயில் குறைகிறது. நாற்பது பாகையில் நீரில் 1,529 மீட்டராகவும், எண்ணெயில் சுமார் 1,400 மீட்டராகவும் அவை விலகி நிற்கின்றன. ஒரு சென்டிமீட்டர் அகலமுள்ள கிண்ணத்தைக் கடக்க நீரில் ஆகும் நேரம், விநாடியைப் பத்து லட்சமாகப் பகுத்தால் 6.5 பங்கு, எண்ணெயில் 7.1 பங்கு. இச்சிறு வேற்றுமையை இக்காலத்து மின்னணுக் கருவிகள் எளிதில் அளக்கின்றன. ஆகவே, தெரிந்த வெப்பநிலையில் ஒலியின் வேகத்தை அளந்தால் கலவையில் எண்ணெய் எத்தனை பங்கு என்பது புலனாகும். உயரமான குழாயில் கலவையை நிறுத்தி, அடி முதல் நுனி வரை படிப்படியாக அளந்துகொண்டு போனால், எண்ணெய் மேலே திரளத் தொடங்குவதைக் கண்ணுக்குத் தெரியும் முன்பே கண்டுகொள்ளலாம்.

இரண்டாவது தேய்வு. கலவையின் ஊடே செல்லும் ஒலி வலிமை குன்றுகிறது. துளியும் சூழ்திரவமும் ஒலியின் அழுத்தத்தால் வெவ்வேறு அளவில் சூடேறுகின்றன. அவ்வெப்பம் எல்லையைக் கடந்து பாய்வதில் ஆற்றல் வீணாகிறது. எண்ணெய்த் துளிகளிடத்தில் இக்காரணமே முதன்மையானது. கனமான திடத்துகளோ ஒலியின் அசைவுக்கு ஈடுகொடுக்காமல் பின்தங்கி நின்று திரவத்தோடு உராய்கிறது. அவ்வுராய்விலும் ஆற்றல் கழிகிறது. களிமண், சிலிக்கா போன்றவற்றில் இதுவே பெரும்பங்கு. இவையன்றி, ஒலி பல திசையிலும் சிதறுவதும் உண்டு. அதிர்வெண்ணை மாற்றிக்கொண்டே போனால் இம்மூன்றும் வெவ்வேறு விதமாக மாறுகின்றன. அம்மாற்றத்தின் வரைபடத்திலிருந்து துளியின் பருமனைக் கணக்கிடலாம். 1953இல் எப்ஸ்டீன், கார்ஹார்ட் என்னும் இருவர் மூடுபனியில் ஒலி தேய்வதைப் பற்றிச் செய்த கணக்கை, 1972இல் அலெக்ரா, ஹாலி என்பவர்கள் பால்மங்களுக்கும் சேறுகளுக்கும் விரிவாக்கினர். இன்றைய கருவிகள் பெரும்பாலும் அக்கணிதத்தின் வழியே நடக்கின்றன.

துகள் காக்கும் பால்மத்தில் எண்ணெய்த்துளியும் உண்டு, திடத்துகளும் உண்டு. ஆகவே, வெப்பத்தால் தேய்வதும் உராய்வால் தேய்வதும் ஒன்றாகக் காணப்படும். கவசத்தில் அமர்ந்த துகள் ஒருவிதமாகவும், அமராமல் நீரில் அலையும் துகள் வேறுவிதமாகவும் ஒலிக்கு விடையளிக்கும். துளிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கொத்துக்களாகும்போது தேய்வு மாறுவதையும் அளவிடலாம். நாள்தோறும் ஒரே கலவையை அளந்துவந்தால் அது முதிர்வதையோ தளர்வதையோ பின்தொடரலாம்.

இம்முறைக்கு வரம்பும் உண்டு. பழைய கணிதம் துளிகள் தனித்தனியே விலகி நிற்பதாகக் கொள்கிறது. கவசமிட்டு நெருங்கி நிற்கும் துளிகளுக்கு அதனைத் திருத்தியே பயன்படுத்த வேண்டும். கலவையில் சிறிது காற்றுக்குமிழி இருந்தாலும் அளவு முற்றும் பிழையாகிவிடும். வெப்பநிலையை நுட்பமாகக் காக்காவிட்டாலும் அப்படியே. எண்ணெயிலும் நீரிலும் ஒலியின் வேகம் சமமாகிவிடும் வெப்பநிலையும் ஒன்று உண்டு. அங்கே வேகத்தை அளந்து எண்ணெயின் பங்கை அறிய இயலாது.

பால் சங்கத்து மேசையில்

பாலையும் நீரையும் பிரித்தறியும் அன்னப்பறவையைப் பற்றி நம் முன்னோர் கூறினர். நம் கிராமத்துப் பால் சங்கங்கள் பலவற்றில் அந்த அன்னம் இப்பொழுது ஒரு சிறு பெட்டி வடிவில் மேசைமேல் அமர்ந்திருக்கிறது. பாலின் ஊடே கேளா ஒலியைச் செலுத்தி, வெப்பநிலையை மாற்றி வேகத்தை அளந்து, கொழுப்பையும் கொழுப்பல்லாத திடப்பொருளையும் ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் அது அறிவித்துவிடுகிறது. நெல்லும் காய்கறியும் விளைவிப்பவர் இல்லத்தில் ஒன்றிரண்டு மாடுகள் இருப்பது இயல்பாதலால், நம் வாசகர் பலருக்கு இச்செய்தி அயலானதன்று.

பசும்பாலில் கொழுப்பு சுமார் மூன்று நான்கு மைக்ரான் விட்டமுள்ள துளிகளாக உள்ளது. ஒவ்வொன்றும் இயற்கையான மெல்லிய உறையினால் மூடப்பட்டது. பெரிய பண்ணைகளில் பாலை அழுத்தத்தோடு செலுத்தித் துளிகளை ஒரு மைக்ரானுக்கும் குறைவாக உடைக்கும்போது, பழைய உறை போதாமற் போகிறது. அப்பொழுது பாலிலுள்ள கேசின் என்னும் புரதத்தின் நுண்திரள்கள் துளியின் மேல் வந்து அமர்கின்றன. துகள் காக்கும் பால்மத்துக்கு மிக நெருங்கிய உறவு அது.

முன்பு சுவிட்சர்லாந்து நாட்டு கெர்பர் கண்ட முறைப்படி, கந்தக அமிலமும் அமைல் ஆல்கஹாலும் சேர்த்துக் குழாயைச் சுழற்றிக் கொழுப்பை அளந்தனர். அமிலத்தால் கை வெந்தவர்களும் உண்டு. அதற்குக் காலம் அதிகம் பிடிக்கும். காலைக் கூட்டத்தில் ஒவ்வொருவர் பாலையும் தனித்தனியே சோதிப்பது கடினம். ஒலிக்கருவி வந்தபின் ஒவ்வொரு அங்கத்தினரும் தம் பாலின் கொழுப்பைச் சீட்டில் கண்டு, அதற்குரிய விலையைப் பெறுகிறார்.

ஆயினும், கருவி நேரடியாகக் கொழுப்பைக் காண்பதில்லை. ஒலியின் வேகத்தைக் கண்டு கொழுப்பை ஊகிக்கிறது. இதனை அங்கத்தினர்களும் சங்க நிர்வாகிகளும் மறத்தலாகாது. நீர் கலந்த பாலில் சர்க்கரையோ உப்போ சேர்ப்பவர் கருவியை ஏமாற்ற முயல்வார். அவற்றைத் தனிச் சோதனைகளே காட்டிக்கொடுக்கும். கறந்தவுடன் நுரையோடு ஊற்றிய பாலில் காற்றுக்குமிழி இருப்பதால் அளவு தவறும். நேர்மையான உற்பத்தியாளரே அதனால் நட்டமடைவார். கிண்ணத்தில் பாலின் படிவு தங்கினாலும் அளவு பிறழும். ஆகவே, நாள்தோறும் கருவியைக் கழுவுதல், நுரை அடங்கியபின் அளத்தல், குறித்த காலத்தில் கெர்பர் சோதனையோடு ஒப்பிட்டுத் திருத்துதல், திருத்திய நாளைப் பதிவேட்டில் எழுதி அங்கத்தினர் பார்வைக்கு வைத்தல் ஆகிய நான்கும் இன்றியமையாதவை. கொழுப்பில் ஒரு சிறு பின்னம் தவறினாலும், ஆண்டு முழுவதும் சேரும்போது ஒரு குடும்பத்தின் தீவனச் செலவு அளவுக்கு அது வளரக்கூடும். ஒப்பிட்ட பதிவு இல்லாத கருவியின் சீட்டை ஏன் நம்ப வேண்டும் என்று கேட்பதற்கு ஒவ்வொரு அங்கத்தினருக்கும் உரிமை உண்டு. அக்கேள்வியைக் கேட்பவரைக் குறும்பர் என்று நிர்வாகிகள் எண்ணலாகாது. சங்கத்தின் மதிப்பைக் காப்பவர் அவரே.

நெசவாளருக்கும் விவசாயிக்கும்

நெசவுத் தொழிலிலும் பால்மம் பழைய விருந்தாளி. பழவேற்காட்டின் பெயரால் ஒரு காலத்தில் கடல்கடந்து விற்பனையான கைக்குட்டைகளை யாவரும் அறிவர். அவற்றின் உறவான ஆந்திரக் கரையோரச் சீராலாவின் தேலியா உருமாலுக்கு, நூலை எண்ணெயும் சாம்பற்காரமும் கலந்த நீரில் பலநாள் ஊறவைத்து உலர்த்துவர். காரம் எண்ணெயில் ஒரு பகுதியைச் சோப்பாக்க, அச்சோப்பு மீதி எண்ணெயைப் பால்மமாக்கி நூலின் உள்ளே செலுத்தியது. அந்நூல் சாயத்தை உறுதியாகப் பற்றியது. பெயர் தெரியாமலே நம் மரபினர் இதனைக் கையாண்டனர்.

இக்காலத்தில் மாவுமணிகளையே துகளாகக் கொண்டு எண்ணெய்த் துளிகளைக் காக்கும் ஆராய்ச்சிகள் நடைபெறுகின்றன. அரிசிமாவின் மணிகள் மாவுப்பொருள்களில் மிகச் சிறியவை. அவற்றின் மேற்பரப்பைச் சற்று மாற்றினால் நல்ல காவலாகின்றன. நெசவாளர் பாவுக்கு இடும் கஞ்சியில் மாவுமணிகள் வெந்து குழைந்துவிடுவதால் அங்கே இக்கவசம் இல்லை. கஞ்சியின் குழகுழப்பே எண்ணெயைத் தாங்குகிறது. எனவே, கஞ்சி ஆறி நீர்த்துவிட்டால் எண்ணெய் திட்டுத்திட்டாகப் பிரிந்து, இழைக்கு இழை மாறிப் படிந்து, சாயம் ஏறுவதிலும் பிசகை உண்டாக்கும். கஞ்சியைச் சூடு ஆறுமுன் எண்ணெயோடு நன்கு கலக்கிப் பயன்படுத்தும் முதியோர் வழக்கத்துக்குக் காரணம் இதுவே.

விவசாயிகளுக்கு ஒரு சொல். எண்ணெய் மருந்தைத் தெளிப்பானில் ஊற்றுமுன், தாம் பயன்படுத்தும் கிணற்று நீரிலேயே சிறிதளவு கலக்கிக் கண்ணாடிப் புட்டியில் அரைமணி நேரம் வைத்துப் பாருங்கள். மேலே எண்ணெய் வளையம் தோன்றினால் அக்கலவை தெளிப்பானிலும் பிரியும், முதலில் வெறும் நீரும் கடைசியில் தனி எண்ணெயும் பயிரின் மேல் விழும், இலை கருகும். உவர்நீர் வட்டாரத்தில் மழைநீரைச் சேர்த்துவைத்துப் பயன்படுத்துவது எளிய பரிகாரம். துகள்கள் காக்கும் பால்மங்கள் உப்புக்குச் சோப்பைப் போல் எளிதில் தோற்பதில்லையாதலால், எதிர்காலத்தில் பயிர் மருந்துகள் இம்முறையில் மிகுதியாக வரக்கூடும். அப்பொழுது அவற்றைச் சங்கத்தின் மூலம் வாங்குமுன் இதே புட்டிச் சோதனையைச் செய்து பார்ப்பது நலம்.

சேற்றை அறிந்து அகற்றுதல்

எண்ணெய்ச் சேறு உருவாவதற்கு நாட்கள் தேவையில்லை. அலையடிக்கும் கடலில் சில மணி நேரம் போதும். முதல் நாளில் உறிஞ்சி எடுக்கக்கூடியது, பிந்தினால் வாளியால் மட்டுமே அள்ளக்கூடியதாகிவிடுகிறது. அச்சேற்றில் நீர் எத்தனை பங்கு, துளிகள் எவ்வளவு சிறியவை, நாளுக்குநாள் உறுதி ஏறுகிறதா, இறங்குகிறதா என்பவற்றைக் கேளா ஒலியால் அறியலாம். அறிந்தால் சூடேற்றிப் பிரிப்பதா, பிரிக்கும் மருந்து இடுவதா, எண்ணெயை உண்ணும் நுண்ணுயிர்களிடம் விடுவதா என்று தீர்மானிக்க உதவும். 2017இல் அள்ளிய சேறு நுண்ணுயிர்களைக் கொண்டே பக்குவம் செய்யப்பட்டது. தக்க அளவான ஒலியலைகளைக் கொண்டு நுண்துளிகளை ஓரிடத்தில் ஒதுக்கிக் கூடச்செய்யும் முறையும் ஆராயப்பட்டு வருகிறது. பார்க்கும் ஒலியே பிரிக்கும் ஒலியாகவும் ஆகக்கூடும்.

மணலியில் 1969ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிய எண்ணெய் சுத்திகரிப்பாலை உட்பட, கச்சா எண்ணெயைக் கையாளும் ஆலைகள் யாவும் எண்ணெயையும் உப்புநீரையும் பிரிக்கும் வேலையை அன்றாடம் செய்கின்றன. வடசென்னையில் இத்துறையில் பழகிய கைகளும் மூளைகளும் குறைவல்ல. துறைமுகமும் ஆலைகளும் நிறைந்த இக்கரையில் எண்ணெய் மீண்டும் கசியாது என்று எவராலும் உறுதிகூற இயலாது. அளவுக்கருவியும், கையுறையும், வாளியும், பயிற்சிபெற்ற ஆட்களும் கசிவதற்கு முன்பே ஆயத்தமாக இருத்தல் வேண்டும். மீனவர் கூட்டுறவுச் சங்கங்கள் இதனைத் தம் பொதுக்குழுவில் தீர்மானமாக நிறைவேற்றித் துறைமுக அதிகாரிகளிடமும் மாவட்ட நிர்வாகத்திடமும் எழுத்து மூலம் கேட்கலாம். தனி மீனவர் ஒருவர் கேட்பதைக் காட்டிலும், நூற்றுக்கணக்கானவர் கையொப்பமிட்ட தீர்மானத்துக்கு வலிமை அதிகம்.

நுண்துகள் ஒன்று தனியே நீரில் மிதந்தால் அதனால் ஆவது ஒன்றுமில்லை. பல துகள்கள் நெருங்கி நின்றால் எண்ணெயையும் நீரையும் ஆண்டுக்கணக்கில் பிரியாமல் காக்கின்றன. சங்கமாகக் கூடியிருக்கும் நமக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. வரும் மாதக் கூட்டத்தில் பால் சோதனைக் கருவியை ஒப்பிட்ட பதிவேட்டை அங்கத்தினர் யாவரும் கேட்டுப் பார்ப்பார்களாக.